அஞ்சாங் ஏற்காத கூட்டக் குறிப்பு

போன மாதம் கவிதா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று படிவம் அனுப்பியிருக்கிறதாம். அதில் ஒரு கேள்வி: உங்கள் நிர்வாகத்தில் பூர்வகுடி மக்கள் தலைமை வகிக்கிறார்களா? அந்த நிலையை எப்படி அடைந்தீர்கள்? முன்னூறு சொற்களுக்குள் எழுதவும்.

"அக்கா, அப்ப நீங்கதானே இருந்தீங்க. ஸ்டெப் ஒண்ணு, ஸ்டெப் ரெண்டுன்னு போட்டுக் குடுத்தா போதும் லா" என்றாள்.

எனக்கு வந்த எரிச்சலை அவளிடம் காட்டவில்லை. அவள் நல்ல பெண். ஆனால் அந்தக் கேள்வியை எழுதியவர் யாரோ, அவரை ஒரு சனிக்கிழமை எங்கள் கூட்டத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும். நாங்கள் எதையும் அடையவில்லை. யாரும் அடைந்துவிடாதபடி வருஷக்கணக்கில் வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெகு மரியாதையாக, பிஸ்கட் தட்டோடு. கவிதாவுக்கு ஆறு வரி எழுதி அனுப்பினேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் மலேசியாவில், சுங்கை பாக்காப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் பழகி, ஜுருவில் ஒரு தொழிற்சாலையின் ஆள்சேர்ப்புப் பகுதியில் கொஞ்ச வருஷம் இருந்துவிட்டு, இந்தக் குழந்தைகள் நலச் சங்கத்துக்குச் செயலாளராக வந்தேன். சங்கத்தின் பெயர் வேண்டாம். பேராக் மாநிலத்தின் உட்காட்டுக் கம்போங்குகளில், அதாவது சிற்றூர்களில், இருக்கும் ஓராங் அஸ்லி பூர்வகுடிக் குழந்தைகளில் இதயக் கோளாறு, அன்னப்பிளவு என்று பெரிய சிகிச்சை தேவைப்படுகிறவர்களைப் பினாங்குக்குக் கூட்டிவருவோம். ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்கும்வரை எங்கள் விடுதியில் தங்கவைப்போம். நல்ல வேலைதான். அதை நான் மறுக்கவில்லை.

அலுவலகம் பினாங்கில், பர்மா ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடி. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு நிர்வாகக் குழு கூடும். ஒன்பது பேர். முதல் அலுவல் எப்போதும் ஒன்றுதான்: போன கூட்டத்தின் குறிப்பை ஏற்பது. ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்தக் குறிப்பை எழுதுவது நான். அதில் மூன்று வினைச்சொற்கள்தான் உண்டு. தீர்மானிக்கப்பட்டது. ஒத்திவைக்கப்பட்டது. குறித்துக்கொள்ளப்பட்டது. ஒத்திவைத்தது என்றாவது திரும்பி வரும். குறித்துக்கொண்டது வரவே வராது.

எங்கள் தலைவர் டாக்டர் அருளம்பலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், ஓய்வு பெற்ற குழந்தை மருத்துவர். முழுக்கை வெள்ளைச் சட்டையில் வருவார். உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், நடுவில் ஒரு வார்த்தை வெட்டமாட்டார். பேசியவர் முடித்த பிறகும் கொஞ்சம் பொறுப்பார், இன்னும் ஏதாவது இருக்குமோ என்று. பிறகு, "மிகவும் பயனுள்ள கருத்து" என்பார். சொல்லிவிட்டு என் பக்கம் தலையை லேசாகச் சாய்ப்பார். குறித்துக்கொள் என்று அர்த்தம். அதோடு அந்த விஷயம் செத்தது.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. இளம் வயதில் அட்டை கடிக்கக் காட்டுக்குள் நடந்துபோய்க் குழந்தைகளுக்கு ஊசி போட்டவர். அவர் முன்னால் யார் வாயைத் திறப்பது? அவர் கெட்டவராக இருந்திருந்தால் எங்கள் எல்லாருக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

அஞ்சாங் குழுவுக்கு வந்ததும் ஒரு படிவத்தால்தான். நன்கொடையாளர் ஒருவர் கேட்டார், பூர்வகுடி உறுப்பினர் ஒருவராவது உண்டா என்று. இல்லை. அவசரமாக ஒரு நாற்காலி போட்டோம். அஞ்சாங், கிரிக் ஊர்ப் பக்கத்துக் காட்டுக் கம்போங்கில் பாலர் பள்ளி உதவியாளர். தெமியார் இனப் பெண், நாற்பது வயதைத் தாண்டியவர். அந்தப் பக்கத்திலிருந்து வந்த குழந்தைகளில் பாதிப்பேரை எங்களிடம் அனுப்பியதே அவர்தான். முதல் நாளே கிளம்பி, விடுதியில் தங்கி, சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து உட்காருவார். ஆண்டறிக்கை அட்டையில் அவர் படம் நடுவில் வந்தது.

கூட்டம் நடப்பது ஆங்கிலத்தில். அஞ்சாங்குக்கு அவர் மொழியும் மலாயும் தெரியும். நான் பக்கத்தில் உட்கார்ந்து மலாயில் முணுமுணுத்துக்கொண்டே சுருக்கெழுத்தும் எழுத வேண்டும். ஒருநாள் பொருளாளர் என்னிடம், அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதா என்று கேட்டார். அவருக்குத் தெரியும், நமக்குத்தான் மலாயில் எழுதச் சோம்பல் என்று பதில் சொன்னேன். மனசுக்குள்.

வந்த சில மாதங்களிலேயே அஞ்சாங் விடுதி விதி ஒன்றைப் பற்றிப் பேசினார். நோயாளிக் குழந்தையுடன் பெரியவர் ஒருவர் மட்டும் வரலாம், உடன்பிறந்தவர்கள் கூடாது. பால்குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டு ஒரு தாய் எப்படி வருவாள் என்று கேட்டார். டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார். இதயம் பலவீனமான பிள்ளைகள் இருக்கிற இடம், கைக்குழந்தைகள் வந்தால் சளியும் காய்ச்சலும் பரவும் என்றார். அதுவும் உண்மைதான். தலையைச் சாய்த்தார். குறித்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து அஞ்சாங் மறுபடி கேட்டார். விடுதியின் பின்னால் ஓர் அறை இருக்கிறது, பழைய ஆண்டறிக்கைகளை அடுக்கி வைத்திருக்கிறீர்கள், அதைக் காலி செய்து கைக்குழந்தையோடு வரும் தாய்மாருக்குத் தனியாகக் கொடுங்கள் என்றார். பயனுள்ள கருத்து. குறித்துக்கொண்டேன். மூன்றாம் தடவை, இந்த விதிகளை எழுதுவது யார், அங்கே தங்குகிற தாய்மாரைக் கேட்டு எழுதினால் என்ன என்று கேட்டார். அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. குறித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் மெலோர் வந்தாள். நாலு வயது, இதயத்தில் ஓட்டை. அறுவைக்குத் தேதி கிடைத்ததும் வழக்கமான கடிதம் போனது. பெரியவர் ஒருவர், இரண்டு மாற்றுத் துணி, அடையாளக் கார்டு, உடன்பிறந்தவர்களை அழைத்துவரக் கூடாது. கீழே என் கையெழுத்து. மெலோரின் தாய் உடா, ஐந்து மாதக் கைக்குழந்தையைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தாள். புதன்கிழமை விடுதிக்கு வந்தார்கள். அடுத்த செவ்வாய் அறுவை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் விடுதிப் பொறுப்பாளர் எனக்குப் போன் செய்தார். உடாவுக்கு ஊரிலிருந்து செய்தி வந்திருக்கிறது, கைக்குழந்தை எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுக்கிறதாம், இப்போதே போக வேண்டும் என்கிறாள், என்ன செய்வது என்று கேட்டார். அறுவைக்குக் காத்திருக்கிற குழந்தையை அனுப்ப டாக்டரின் ஒப்புதல் வேண்டும், சங்கத்து வேன் திங்கட்கிழமைதான், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். டாக்டருக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. செய்தி விட்டேன். பிறகு நன்கொடை கொடுத்த பாலிக் புலாவ் பள்ளி ஒன்றுக்கு அனுப்ப வேண்டிய நன்றிக் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். அந்த மத்தியானத்தை எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். எப்படிப் பார்த்தாலும் அந்த நன்றிக் கடிதம்தான் வருகிறது.

ஐந்து மணிக்கு டாக்டர் திருப்பி அழைத்தபோது உடா கிளம்பிப் போயிருந்தாள். மெலோரைத் தூக்கிக்கொண்டு ஃபெரியில் கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த் போய், எந்தப் பஸ் கிடைத்ததோ அதில் ஏறிவிட்டாள். செவ்வாய்க்கிழமை அறுவை அரங்கில் மெலோரின் இடம் வேறு குழந்தைக்குப் போனது.

அடுத்த கூட்டத்துக்கு அஞ்சாங் வரவில்லை. காரணம் யாரும் கேட்கவில்லை. விடுதி அறிக்கை வந்தது, பேசினார்கள், நான் எழுதினேன்: தாய் முன்னறிவிப்பின்றி வெளியேறினார். சிகிச்சைக்கு ஒத்துழைப்பு இல்லை. கோப்பு மூடப்பட்டது.

மறுமாதம் அஞ்சாங் வந்திருந்தார். முதல் அலுவல். பொருளாளர் குறிப்பை முன்மொழிந்தார். வழிமொழிபவர் கையைத் தூக்குவதற்குள் அஞ்சாங் மலாயில் சொன்னார். அவர் பேச்சைத் தமிழில் தருகிறேன்.

"நான் இதை ஏத்துக்கல."

நான் இருந்த காலத்தில் குறிப்பை ஏற்க மறுத்தவர் கிடையாது. என்ன செய்வதென்று விதிப் புத்தகத்திலும் இல்லை. டாக்டர் கண்ணைத் திறந்து, எந்தச் சொல் தவறு என்று மலாயில் பொறுமையாகக் கேட்டார்.

"காக் தேவி படிக்கட்டும்" என்றார் அஞ்சாங். காக் என்றால் அக்கா. என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார்.

மெலோர் பற்றிய மூன்று வரியையும் மலாயில் படித்தேன். அஞ்சாங் தலையாட்டிக் கேட்டார். பிறகு, உடா ஊர் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை மத்தியானம் என்றார். மரலோரியை நிறுத்தி ஏறி, குழந்தையை மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை குழந்தை இறந்துவிட்டது. பையன். தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் குடித்துப் பழகாதவன்.

"அவனுக்கு உங்ககிட்ட கோப்பு கெடையாது. அதனால அவன் செத்ததும் உங்க கணக்குல வராது" என்றார்.

டாக்டருக்கு முகம் வெளிறிவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மிகவும் வருந்துகிறேன் என்று சொன்னார். அது பொய்யில்லை, அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அப்புறம் பழக்க தோஷத்தில் என் பக்கம் தலையைச் சாய்த்தார். சாய்த்ததை அவரே உணர்ந்திருக்கமாட்டார். என் பென்சில் காகிதத்தில் இறங்கிவிட்டது. அதையும் நான் உணரவில்லை.

அஞ்சாங் அதைப் பார்த்தார். இந்த விதி பற்றி மூன்று தடவை பேசினேனே, நான் என்ன சொன்னேன் என்று படியுங்கள் என்றார். குறிப்பேட்டைப் புரட்டிப் படித்தேன். திருமதி அஞ்சாங்கின் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது. திருமதி அஞ்சாங்கின் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது. மூன்றாவதும் அதுவே.

"இதுதான் நான் சொன்னதா, காக்?"

என் மேசை இழுப்பறையில் சுருக்கெழுத்து நோட்டுகள் இருந்தன. குறிப்பு ஏற்கப்பட்டதும் அவற்றை அழித்துவிட வேண்டும் என்பது தலைவரின் உத்தரவு. நான் அழிப்பதில்லை, வழக்கறிஞர் அலுவலகத்தில் பழகிய புத்தி. எழுந்துபோய் எடுத்துவந்தேன்.

"மிஸ் தேவி, அது அதிகாரபூர்வமான பதிவு இல்லை" என்றார் டாக்டர்.

"இல்லதான் டாக்டர். ஆனா அவங்க சொன்னது இதுலதான் இருக்கு."

படித்தேன். பால்குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டு ஒரு தாய் எப்படி வருவாள். பின்னறையைக் காலி செய்யுங்கள். விதியை எழுதுவது யார். மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை. இதைத் தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அஞ்சாங் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்ப்பதைவிட நோட்டைப் பார்த்துப் படிப்பது சுலபமாக இருந்தது.

அஞ்சாங் அழவில்லை, சத்தம் போடவில்லை. விடுதி விதிகளைப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள்தான் எழுத வேண்டும் என்றார். டாக்டர், அதற்குக் குழுவே மாற வேண்டும், குழுவை உறுப்பினர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுக்கிறார்கள், தன்னால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். உறுப்பினர் ஆவது எப்படி என்று அஞ்சாங் கேட்டார். விதிகளைக் கேட்டால் சொல்வது செயலாளர் வேலை. சொன்னேன். வயது வந்தவர் யாரும் ஆகலாம். ஏற்கனவே உறுப்பினராக இருக்கும் இருவர் கையெழுத்து வேண்டும். கூட்டத்துக்குப் பதினான்கு நாள் முன்னால் படிவம் என் கைக்கு வர வேண்டும். மலாயில் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். எதற்காகச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

மறுவாரம் மெலோரின் கோப்பை மறுபடி திறக்க அஞ்சாங்கோடு உடாவின் கம்போங்குக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கிரிக்கைத் தாண்டி மண்ரோட்டில் குலுங்கிப் போய் இறங்கினோம். உடா வீட்டு வாசலில் மெலோரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் இருந்த இரண்டு நாளும் வெளியே வரவில்லை.

மற்றவர்கள் வந்தார்கள். கூட்ட மண்டபத்தில் பாயை விரித்துப் படிவங்களை நிரப்பினோம். முன்மொழிந்தவர் அஞ்சாங். வழிமொழிய இன்னோர் உறுப்பினர் வேண்டுமே, நானும் உறுப்பினர்தான், கையெழுத்துப் போட்டேன். பெற்றுக்கொண்ட தேதி முத்திரையையும் அங்கேயே குத்தினேன். பொதுக்கூட்டத்துக்கு இருபது நாள் இருந்தது.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு எப்போதும் ஆள் சேராது. அரைமணி காத்திருந்து, கீழே காப்பி குடிக்கிறவர்களை மேலே இழுத்துவந்து, எண்ணிக்கையைச் சரிசெய்வோம். அந்த வருஷம் இரண்டு வேன் வந்து நின்றது. ஆண்களும் பெண்களும் கைக்குழந்தைகளுமாக இறங்கினார்கள். கடைசியாக உடா இறங்கினாள். பொருளாளர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு மீஹூன் முப்பது பேருக்குத்தானே சொல்லியிருக்கிறோம் என்று என்னிடம் பதறினார். அவருடைய கவலை அது.

குழுவில் இருவர், இந்தப் படிவங்கள் செல்லாது என்றார்கள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் புரட்டி, கையெழுத்தையும் தேதியையும் பார்த்தார். முக்கால் மணிநேரம். ஏதாவது ஒரு காரணம் சொல்லி ஒத்திவைக்க அவரால் முடிந்திருக்கும், அந்தக் கலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. கடைசிப் படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். "ஒழுங்காக இருக்கிறது" என்றார். வாக்கெடுப்பையும் அவரே நடத்தினார். ஒன்பதில் ஆறு இடம் கம்போங்குகளுக்குப் போனது. அஞ்சாங் தலைவரானார். டாக்டரைக் குழுவில் இருக்கச் சொல்லிக் கேட்டார்கள், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

படியிறங்கும்போது என்னிடம் நின்றார். எப்போதும் இல்லாமல் வீட்டு யாழ்ப்பாணத் தமிழில் பேசினார்.

"நான் எல்லாரையும் வடிவாக் கேக்கிறன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான், தேவி."

ஒதுங்கி அவருக்கு வழிவிட்டேன்.

கதை இங்கே முடிந்தால் கவிதாவின் முன்னூறு சொற்களில் அடங்கியிருக்கும். அடங்காது. புதிய குழு என்னைப் படுத்திய பாட்டை நான் எங்கே போய்ச் சொல்வது? கூட்டம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கம்போங்கில். பத்து மணி என்றால் எல்லாரும் வந்த பிறகு. வாக்கெடுப்பே கிடையாது, ஒருவர் முகம் சுளித்தாலும் மறுபடி முதலிலிருந்து பேச்சு. இரண்டு நாள் ஓடும். முட்டிவலியோடு பாயில் உட்கார்ந்து மலாயில் குறிப்பெழுதினேன். சிறப்பு விருந்தினர் வருகைக்குப் பிள்ளைகளை ஓலைக் கிரீடம் வைத்து ஆடவிடச் சொன்ன பெரிய நன்கொடையாளரை, அஞ்சாங் முகத்துக்கு நேரே முடியாது என்று அனுப்பிவிட்டார்.

பின்னறையைக் காலி செய்தார்கள். கைக்குழந்தைகள் வந்தன. டாக்டர் பயந்த சளிக்காய்ச்சலுக்கு அவர்களே ஒரு விதி வைத்தார்கள். இருமுகிறவர் பெரியவரோ சிறியவரோ, பக்கத்து வீட்டில் எடுத்த தனி அறைக்குப் போக வேண்டும். நாங்கள் வைத்திருந்ததைவிடக் கடுமையான விதி. அதைத் தாய்மார்களே காவல் காத்தார்கள். மெலோருக்கு அந்த வருஷக் கடைசியில் அறுவை நடந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். உடா இன்றுவரை என்னிடம் பேசியதில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஒரு விஷயத்தில் அவர்கள் தவறினார்கள். மறுபரிசோதனைக்கு நான் உருவாக்கிய தேதி அட்டை முறையைத் தூக்கியெறிந்துவிட்டு, வாய்ச்சொல்லிலேயே நினைவுபடுத்திக்கொள்வோம் என்றார்கள். வேண்டாம் என்று சண்டை போட்டேன், கேட்கவில்லை. காட்டுப்பழம் பறிக்கும் காலத்தில் எல்லாரும் காட்டுக்குள் போய்விட, இரண்டு குழந்தைகளுக்குத் தேதி தவறிவிட்டது. நல்லவேளை, கெடுதல் நடக்கவில்லை. சொன்னேனே என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அடுத்த கூட்டத்தில் அஞ்சாங் என்னை முந்திக்கொண்டார். காக் தேவி சொன்னது சரி, நாங்கள் செய்தது தவறு, அப்படியே எழுதுங்கள் என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு தலைவர் தன் தவறை எழுதச் சொன்னதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் ஓய்வு பெறும் நேரம் வந்தது. குழுவுக்கு ஆலோசகராக இருக்க விரும்புகிறேன் என்று கடிதம் கொடுத்தேன். மறுப்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. நோட்டை எடுத்தது நான், படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான். கடைசிக் கூட்டத்தில் என்னை வைத்துக்கொண்டே ஒரு காலைப்பொழுது முழுக்கப் பேசினார்கள், பாதி தெமியாரில். பிறகு அஞ்சாங் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"வேணாம்னு முடிவு பண்ணியிருக்கோம், காக். நீங்க இங்க உட்கார்ந்திருந்தா எல்லாரும் உங்க மொகத்தப் பார்த்துட்டுத்தான் பேசுவாங்க. நானும்தான். டாக்டர் மொகத்தப் பார்த்துப் பேசின மாதிரி."

நான் என்ன டாக்டரா என்று கேட்டேன். இல்லை, ஆனால் கேள்வி வந்தால் எல்லாரும் உங்களிடம்தான் திரும்புகிறார்கள், தாங்களே யோசிப்பதில்லை என்றார். ஒருவரும் தலையைக் குனியவில்லை.

கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது, பொய் சொல்வானேன். ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கணினிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அதைத் திறந்தேன். அந்தக் கூட்டத்தின் குறிப்பையும் நான்தானே எழுத வேண்டும். என் பெயர், என் கோரிக்கை, அவர்கள் முடிவு, அதற்கு அஞ்சாங் சொன்ன காரணம். காரணத்தை அவர் சொன்னபடியே தட்டினேன், ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அனுப்பிவிட்டு, அடுத்த கூட்டத்தில் அதை யார் முன்மொழிவார்கள் என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.